ஒரு பெயர், ஐந்து எழுத்துக்கூட்டு: அப்பாவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதப்போய் நான் பட்ட பாடு

என் தந்தையாரின் பெயர் குழைக்காதர். யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தப் பெயருடைய இன்னொருவரை இந்த வயதுவரை சந்திக்கக் கிடைக்கவில்லை. ஒரு காதில் தோடும் மறு காதில் குழையும் அணிந்த சிவபெருமானை நினைத்துப் பேரனார் (அப்பாவின் அப்பா) வைத்த பெயர் அது. தமிழில் எழுதினால் ஆறே எழுத்து, மாத்திரை பிசகாமல் ஒரே விதமாகத்தான் எழுதலாம். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதியபோது ஐந்து விதமாக வந்து நின்று, என் மேற்படிப்பை நான்கு மாதம் தள்ளிப்போட்டு, ஏறத்தாழ மூன்றரை இலட்சம் ரூபாயையும் விழுங்கியது. என் பிழையும் அதில் நிறைய உண்டு. இப்படியெல்லாம் வரும் என்று முன்கூட்டியே எவராவது சொல்லியிருந்தால் ஒரு பின்னேரப் பொழுதில் தீர்த்திருக்கக் கூடிய காரியம் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நமது பெயர் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெரும்பாலான குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தந்தையின் சொந்தப் பெயரை முன்னால் வைத்து நம் பெயரைப் பின்னால் எழுதுகிறோம். கையெழுத்தில் அது ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்திலோ 'குடும்பப் பெயர்', 'ஏனைய பெயர்கள்' என்று இரண்டு கூடுகள் இருக்கும். குடும்பப் பெயர்க் கூட்டில் தந்தையின் பெயரை எழுதிய நாளிலிருந்து, அதுவரை முதலெழுத்தாக ஒதுங்கியிருந்த அந்தப் பெயர், வெளிநாட்டார் பார்வையில் நம்முடைய தலைப்பெயர் ஆகிவிடுகிறது. எல்லோரும் அறிந்த எளிய பெயரான என் சொந்தப் பெயரில் எந்தக் கோப்பிலும் ஒரு எழுத்துக்கூட மாறியதில்லை. மாறியது முழுவதும் அப்பாவின் பெயரே.

பதினொராம் வகுப்பில் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பித்தபோதுதான் அந்தப் பெயரை முதன்முதலாக ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினேன். வீட்டில் கேட்கவில்லை, வகுப்பில் இருந்தபடியே ஒலியை வைத்து எழுதினேன். ழகரத்துக்கு எல், நடுவில் இரண்டு கே, முடிவில் டி எச் ஏ ஆர் (THAR). சான்றிதழும் அவ்வாறே வந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன காலத்தில் தமிழ்ப் பற்று சற்றே கூடுதலாக இருந்தது. நம் ழகரத்தை எல் என்று எழுதுவது அதற்கு இழுக்கு என்று எண்ணி, பதிவுப் படிவத்தில் இசட் எச் போட்டு எழுதினேன். பட்டச் சான்றிதழ் அந்த வடிவில் அச்சாகியது. அதற்குப் பிறகு, மூன்று மொழிகளிலும் பெயர் அச்சிடும் புதிய தேசிய அடையாள அட்டை 2017இல் வந்தபோது, சந்தியிலிருந்த ஒரு கொமினிக்கேஷன் கடையில் படிவத்தை நிரப்பக் கொடுத்தேன். அங்கிருந்த தம்பி இரண்டு கே-யில் ஒன்றை விட்டுவிட்டார். நான் வாசித்துப் பார்க்காமலே கையெழுத்து வைத்தேன். வவுனியாப் பிராந்திய அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது அடையாள அட்டையைப் பார்த்து எழுதியதால், கடவுச்சீட்டிலும் ஒற்றைக் கே வந்தது. இவ்வாறு ஒரே மனிதனாகிய நான் இருபத்தேழு வயதுக்குள் மூன்று தந்தையருக்கு மகனாகிவிட்டேன்.

இந்த மூன்றில் எது சரி என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். மூன்றும் சரிதான் என்பதே உண்மையும் தொல்லையும். யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரத்தோடு ஒன்றிவிடுவதால் எங்கள் பக்கத்தில் எல் என்று எழுதுவது இயல்பு. தமிழ்நாட்டு வழக்கைப் பார்த்தவர்கள் இசட் எச் எழுதுகிறார்கள். ஆகாரத்தின் நீட்டத்தைக் காட்ட ஆங்கிலத்தில் தனி எழுத்தில்லை. ஆகவே குழைக்காதர் என்பதைக் குலைக்கதர் என்று வாசிப்பவர் மீது பிழை சொல்ல முடியாது. வாழைக்குலையும் கதர்த்துணியும் சேர்ந்த அந்த ஒலியைக் கேட்டுப் பழகிவிட்டேன். இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் தகரம் நம் வாயில் மெலிந்து ஒலிப்பதால் அதை டி எச் (TH) என்றும் எழுதலாம், வெறும் டி (D) என்றும் எழுதலாம். ஊர்ப் பெயர்களையே பாருங்கள்: வட்டுக்கோட்டையை மிஷனரிமார் பற்றிக்கோட்டா (Batticotta) என்பதுபோல் எழுதினார்கள், இன்று பெயர்ப்பலகையில் இரட்டை டி-யோடு (DD) நிற்கிறது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த, சிறுப்பிட்டி வைரவநாதர் மகனான தாமோதரம்பிள்ளை தமிழில் சி.வை.; ஆங்கிலத்தில் சி, டபிள்யூ. வகரத்துக்கு டபிள்யூ போட்ட அந்தக் கால வழக்கம் தெரியாதவர், அந்த டபிள்யூவுக்குள் வைரவநாதர் இருப்பதைக் கண்டுபிடிக்கமாட்டார். முத்துக்குமாரசுவாமியும் அவர் மகன் ஆனந்த குமாரசுவாமியும் தங்கள் பெயரைச் சி, ஓ, ஓ என்று தொடங்கி எழுதினார்கள். இன்று அதே பெயருள்ளவர்கள் பெரும்பாலும் கே, யு என்று தொடங்குகிறார்கள். அந்தக் குடும்பம் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே எழுத்துக்கூட்டைக் காத்தது. நாங்கள் காக்கவில்லை.

2023ஆம் ஆண்டு வைகாசியில் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் முதுகலைப் படிப்புக்கு நிபந்தனையோடு இடம் தந்தது. செப்டெம்பரில் தொடக்கம். மகிழ்ச்சியில் செய்த முதல் மடைமை, விமானச் சீட்டை முன்கூட்டியே வாங்கியது. அதைவிடப் பெரிய மடைமை, மேசையில் விரித்திருந்த பட்டச் சான்றிதழைப் பார்த்துப் பெயரை அடித்தது. இசட் எச் உள்ள சீட்டு, எல் உள்ள கடவுச்சீட்டு. பெயரைத் திருத்த அந்தச் சலுகைச் சீட்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதில் மட்டும் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் ரூபாய் போயிற்று. விசா கையில் வருமுன் சீட்டு வாங்காதீர்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நான் கூடுதலாகச் சொல்வது, சீட்டை எப்போது வாங்கினாலும் கடவுச்சீட்டின் படப்பக்கத்தைத் திறந்து வைத்து, அதன் அடியில் அம்புக்குறிகளோடு ஓடும் இரண்டு வரிகளில் முதல் வரியைப் பார்த்தே பெயரை அடியுங்கள். ஒவ்வொரு வரியிலும் நாற்பத்து நான்கு இடங்கள்; முதல் வரியில் ஐந்து இடங்களை ஆவண வகையும் நாட்டுக் குறியும் எடுத்துக்கொள்ள, மீதி முப்பத்தொன்பதுக்குள்தான் பெயர் முழுவதும் அடங்க வேண்டும். குடும்பப் பெயர் முதலில் வரும், பிறகு இரட்டை அம்புக்குறி, அதன்பின் மற்றப் பெயர்கள். விமான நிலையத்தில் இயந்திரம் படிப்பது அந்த வரியையே. நம் ஊரில் இரண்டு நீளப் பெயர்கள் சேர்ந்தால் முப்பத்தொன்பதை எட்டுவது பெரிய காரியமல்ல. வால் வெட்டுப்பட்ட பெயர்களையும் கண்டிருக்கிறேன்.

ஆனியில் பல்கலைக்கழகத்திலிருந்து கேள்வி வந்தது: பட்டச் சான்றிதழிலுள்ளவரும் கடவுச்சீட்டிலுள்ளவரும் ஒருவர்தானா? நான் அதை ஒரு மொழியியல் ஐயமாக எடுத்துக்கொண்டேன். ழகரத்தின் பிறப்பிடம், நாக்கு வளையும் விதம், ஈழத்து வழக்கும் தமிழகத்து வழக்கும் வேறுபடும் காரணம் எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதி அனுப்பினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒரு கிழமைக்குப் பின்னர் மூன்று வரியில் பதில் வந்தது. விளக்கத்துக்கு நன்றி, சட்டப்படியான ஆவணம் ஒன்றை அனுப்பவும். விளக்கம் வேறு, ஆவணம் வேறு. அலுவலர் ஒருவருக்கு நம்மை நம்புவதற்குக் காரணம் தேவையில்லை, கோப்பில் வைப்பதற்கு ஒரு தாளே தேவை. இதை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று கிழமை பிடித்தது.

அந்தத் தாளின் பெயர் சத்தியக்கடதாசி. சட்டத்தரணி ஒருவரிடம் அல்லது சமாதான நீதவானிடம் போய், இந்த இந்தப் பெயர்களால் குறிக்கப்படுபவர் நான் ஒருவரே என்று சத்தியம் செய்து ஒப்பமிடுவது. நான் முதலில் எழுதுவித்தது அரைகுறையாகப் போயிற்று. பட்டச் சான்றிதழ் வடிவையும் கடவுச்சீட்டு வடிவையும் மட்டும் குறிப்பிட்டேன். சாதாரண தரச் சான்றிதழில் இரண்டு கே இருப்பதை மறந்தேன். பல்கலைக்கழகம் அதையும் கேட்டது. இரண்டாவது சத்தியக்கடதாசி. இடையில், தமிழிலிருந்த என் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்க்கக் கொடுத்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் மிகவும் ஒழுங்கானவர். ஆகாரம் நெடில் என்பதற்காக இரண்டு ஏ போட்டுத் தந்தார். நான்காவது வடிவம் பிறந்தது. அவர் மீது குற்றமில்லை, ஏனெனில் தமிழ்ச் சான்றிதழில் ஆங்கில எழுத்துக்கூட்டே கிடையாது. அவர் தம் காதுக்குப் பட்டதை எழுதினார். மொழிபெயர்க்கக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுத்து, என் பெயரையும் தந்தையார் பெயரையும் இவ்வாறே எழுதுங்கள் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பணமும் நான்கு நாளும் மிஞ்சியிருக்கும்.

ஆனால் இவை எல்லாம் வெறும் சிராய்ப்புகள். உண்மையான அடி அப்பாவின் பக்கமிருந்து வந்தது. மாணவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம் அப்பாவின் கணக்கில் இருந்தது. பிரித்தானிய விதியின்படி அந்தத் தொகை தொடர்ந்து இருபத்தெட்டு நாள் கணக்கில் கிடக்க வேண்டும். வங்கிக் கூற்றின் கடைசித் திகதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முப்பத்தொரு நாளுக்கு மேல் முந்தியதாக இருக்கக் கூடாது. பெற்றோரின் பணம் என்றால் அவர் நம் பெற்றோர்தான் என்று பிறப்புச் சான்றிதழால் காட்டி, அவருடைய சம்மதக் கடிதத்தையும் இணைக்க வேண்டும். அப்பா தம் ஓய்வூதியத் தொகையோடு நிலையான வைப்பு ஒன்றையும் தவணைக்கு முன்பே முறித்துக் கணக்கில் போட்டார். வட்டியில் கணிசமாக இழப்பு. எவ்வளவு என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை, நானும் மேற்சொன்ன மூன்றரை இலட்சத்தில் அதைச் சேர்க்கவில்லை. இருபத்தெட்டு நாள் முடிந்து வங்கிக் கடிதம் வந்தது. திறந்து பார்த்தேன். அதிலிருந்த குழைக்காதர் டி, ஈ, ஆர் (DER) என்று முடிந்தார்.

ஐந்தாவது வடிவம். அதுவே எல்லாவற்றுக்கும் மூத்த வடிவம். அறுபதுகளில் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கிய எழுத்துக்கூட்டு அது. நியமனக் கடிதம், ஓய்வூதியக் கோப்பு, வங்கிக் கணக்கு எல்லாம் அப்படியேதான். பெயரின் சொந்தக்காரர் ஐம்பது வருடமாக ஒரே விதமாக எழுதிவந்திருக்கிறார். அவருடைய பெயரைத் தலைப்பெயராகச் சுமந்த நான் அவரிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. "அப்பா, உங்கட பேரை இங்கிலீசிலை எப்பிடி எழுதுறனீங்கள்?" என்று இருபத்தேழு வயதுக்குள் ஒரு முறை வாய் திறந்திருக்கலாம். குடும்பப் பெயர் உள்ள சமூகங்களில் பிள்ளை பெற்றோரின் எழுத்துக்கூட்டைத் தானாகவே பெற்றுக்கொள்கிறது. நமக்கோ அது தந்தையின் தனிப்பெயர் என்பதால், அவரவர் காதுக்குப் பட்டபடி எழுதிவிடுகிறோம். என் தமக்கையின் பழைய சான்றிதழைப் பிறகு பார்த்தேன். அவர் ஏ, ஐ-க்குப் பதிலாக ஈ, ஐ எழுதியிருக்கிறார். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

டி, ஈ, ஆர் என்ற முடிவில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இலங்கையில் அந்த எழுத்துகளைப் பார்த்தவுடன் எவருக்கும் நினைவுக்கு வருவது முஸ்லிம்களின் காதர் என்ற பெயரே. தட்டச்சில் ஒரு இடைவெளி விழுந்து 'குலை' தனியாகவும் 'காதர்' தனியாகவும் பிரிந்த பிரதி ஒன்றைக் கண்ட அலுவலர், "தம்பி, உங்கட வாப்பாவின்ர முழுப் பேர் என்ன?" என்று அன்போடு கேட்டார். இடைவெளி சிறிய விஷயமாகத் தோன்றும்; ஆனால் கணினி கடைசித் துண்டையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளவும் கூடும். நீளமான பெயரை வாசிக்க இலகுவாக இருக்கட்டும் என்று நடுவில் பிரித்து எழுதாதீர்கள்.

வங்கிக் கடிதத்தை மாற்ற முடியாது, அப்பாவின் பெயர் சட்டப்படி அதுவே. ஆகவே மூன்றாவது சத்தியக்கடதாசி தேவைப்பட்டது. இம்முறை அப்பாவும் தனியாக ஒன்று கொடுத்தார். அதற்குள் வங்கிக் கூற்றின் முப்பத்தொரு நாள் கடந்துவிட்டது. புதிய கூற்று எடுத்து விண்ணப்பித்தால் செப்டெம்பர் வகுப்புக்குப் போய்ச் சேர முடியாது. பல்கலைக்கழகம் என் இடத்தைத் தை மாதத் தொடக்கத்துக்கு மாற்றித் தந்தது. கிடைக்கவிருந்த சிறிய கட்டணச் சலுகை செப்டெம்பர் மாணவருக்கு மட்டும் என்பதால் கைவிட்டுப்போயிற்று. அன்று மாலை அப்பா முன்விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. தன் பெயரால் மகனுக்குத் தடை வந்தது என்று அவர் நினைத்திருப்பாரோ என்ற எண்ணம் பணத்தைவிட அதிகமாக என்னை வருத்தியது.

கடைசியாகச் சரிவந்த சத்தியக்கடதாசி எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனெனில் இதைத்தான் பலரும் கேட்கிறார்கள். நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுவித்தோம். தமிழ்ப் பெயரை மூலப் பெயராக முதலில் வைத்து, அது ஆங்கில ஒலிபெயர்ப்பில் பல விதமாக எழுதப்பட்டுள்ளது என்று ஒரு வாக்கியம். அதன்பின் ஒவ்வொரு வடிவமும், அது எந்த ஆவணத்தில் இருக்கிறது, அந்த ஆவணத்தின் இலக்கம், வழங்கிய திகதி என்று வரிசையாக. இவை எல்லாம் குறிப்பது ஒருவரையே என்ற வாக்கியம். இனிமேல் கடவுச்சீட்டு வடிவையே பயன்படுத்துவேன் என்ற உறுதி. அப்பாவின் கடதாசியில் இதே ஒழுங்கோடு, இன்னார் என் மகன் என்பதும் சேர்ந்தது. கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் பெற்றுப் பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வாங்கி இணைத்தேன். அது கட்டாயமில்லை, ஆனால் முன்னைய அனுபவத்துக்குப் பின் எதையும் விட மனம் வரவில்லை. சட்டத்தரணியிடம் போகுமுன் வீட்டிலுள்ள அத்தனை சான்றிதழ்களையும் பாயில் பரப்பி, ஒவ்வொன்றிலும் பெயரை எழுத்தெழுத்தாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், திருமணப் பதிவு எதையும் விடாதீர்கள். நான் அந்த வேலையை முதல் நாளே செய்திருந்தால் ஒரு கடதாசியோடு முடிந்திருக்கும்.

கடவுச்சீட்டை மாற்றி எல்லாவற்றையும் அப்பாவின் மூத்த வடிவுக்குக் கொண்டுவரலாமா என்றும் யோசித்தேன். மனம் அதைத்தான் விரும்பியது. ஆனால் ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சைப் பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி, அடையாள அட்டை மூன்றும் கடவுச்சீட்டு வடிவில் இருந்தன. அதை அசைத்தால் மற்றதெல்லாம் அசையும். இன்னும் கடவுச்சீட்டு எடுக்காதவர்களுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. 2025 செப்டெம்பரிலிருந்து யாழ்ப்பாணத்திலேயே கடவுச்சீட்டு அலுவலகக் கிளை இருப்பதால் அலைச்சலும் குறைவு. படிவத்தை நிரப்புமுன் தந்தையாரின் அடையாள அட்டையை மேசையில் வையுங்கள், அவ்வளவுதான்.

தையில் போய்ச் சேர்ந்தேன். அங்கே எல்லாக் கடிதமும் திரு. குழைக்காதருக்கு வந்தது. விரிவுரை மண்டபத்தில் அந்தப் பெயரை எவராவது கூப்பிட்டால் முதல் சில வாரம் அப்பா வந்துவிட்டாரோ என்பதுபோல் திரும்பிப் பார்ப்பேன். பெயரைச் சொல்லிக்கொடுக்க நான் கண்ட வழி, 'குழை' என்று ஒரு தட்டு, 'காதர்' என்று ஒரு தட்டு, காவில் அழுத்தம். இரண்டு முறை சொன்னால் பெரும்பாலானோர் பிடித்துக்கொண்டார்கள். பொருளையும் சொல்வேன்: காதில் வளையம் அணிந்தவர். என் பேராசிரியர் தம் ஒற்றைக் காதிலிருந்த வளையத்தைத் தொட்டுக் காட்டி, அப்படியானால் இது என்னுடைய பெயர் என்றார். அதற்குப் பிறகு அந்தத் துறையில் எவரும் அதைப் பிழையாக உச்சரிக்கவில்லை.

படிப்பை முடித்து ஊர் திரும்பி, இப்போது மகள் பிறந்திருக்கிறாள். பிறப்புப் பதிவுக்குப் போகுமுன் வீட்டில் ஒரு கேள்வி எழுந்தது. நம் வழக்கப்படி அவள் பெயருக்கு முன் என் பெயர் வரும். அப்பாவின் பெயர் என்னோடு நின்றுவிடும். இவ்வளவு அரிய பெயரைக் குடும்பப் பெயராகத் தொடரவிட்டால் என்ன என்று மனைவி கேட்டார். எனக்கும் ஆசைதான். மனைவியின் கடவுச்சீட்டில் அவருடைய தந்தையின் பெயர், என்னுடையதில் என் தந்தையின் பெயர், மகளுக்கு என் பெயர் என்றால் விமான நிலையத்தில் மூவருக்கு மூன்று குடும்பப் பெயர் வரும் என்ற கணக்கும் இருந்தது. அப்பாவிடம் கேட்டேன், இம்முறை மறக்காமல். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: "பிள்ளைக்கு உன்ரை பேரை வை, மோனை. என்ரை பேரோடை நீ பட்டது காணும்."

படிவத்தில் என் பெயரை எழுதினேன். அதன் ஆங்கில வடிவை ஒரு துண்டில் பெரிய எழுத்தில் எழுதி, அவளுடைய கோப்பின் முதல் உறைக்குள் வைத்திருக்கிறேன். அடியில், தேவைப்படாவிட்டாலும் இருக்கட்டும் என்று, டி, ஈ, ஆர் என்று முடியும் பேரனாரின் பெயரை அப்பாவின் கையாலேயே எழுதுவித்தேன்.